வெண்ணெய்ச் சிறுமியின் கோடுகள்

சென்ற மாதம் ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் இறுதியாண்டு மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்திருந்தேன். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்காக ஒரு மாணவி நான்கு இலச்சினைகளை வரைந்திருந்தார். நான்கும் அழகானவை. இத்துணியை யார் வாங்குகிறார்கள், வேறு எந்தத் துணியை விடுத்து இதனை வாங்குவார்கள் என்று வினவினேன். அது சந்தைப் பிரிவினரின் வேலை என்றார். அவர்மீது குறை காண இயலாது. நாம் அப்படித்தான் கற்பிக்கிறோம். அமுல் சிறுமியைக்கூட ஓர் ஓவியரின் கைவண்ணமாக மட்டுமே வகுப்பில் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

அவ்வுருவத்தின் வரலாறு ஓவியரின் மேசையில் தொடங்கவில்லை. குஜராத்தின் ஆனந்தில் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946 டிசம்பரில் பதிவு பெற்றது. அதன் எதிரே நின்றது போல்சன். நகர வீடுகளில் வெண்ணெய் என்றாலே போல்சன் என்றிருந்த காலம் அது. பின்னர் சங்கம் அமுல் என்ற பெயரில் தன் வெண்ணெயைக் கொண்டுவந்தபோது அது எளிதில் விலைபோகவில்லை. தரம் குறைந்ததால் அன்று. போல்சன் வெண்ணெய் புளித்த பாலாடையில் செய்யப்பட்டு உப்புச் சுவை மிகுந்திருந்தது. அமுலோ புதிய பாலாடையில் செய்யப்பட்டது. பழகிய நாவுக்குப் புதியது சப்பென்றிருந்தது. நல்ல பொருளைச் செய்தவர்களே வாங்குவோரின் பழக்கத்தை நோக்கித் தம் பொருளை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பிராண்ட் உத்தி என்று இன்று நாம் அழைப்பதன் முதல் பாடத்தை ஆனந்த் கற்றது நாவின் வழியாகத்தான் என்பேன்.

1966-இல் விளம்பரப் பொறுப்பு பம்பாயின் ஏ.எஸ்.பி. நிறுவனத்திடம் வந்தது. அதன் தலைவர் சில்வெஸ்டர் டகுன்ஹா. கலை இயக்குநர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ். போல்சனுக்கு ஏற்கெனவே ஒரு வெண்ணெய்ச் சிறுமி இருந்தாள். அவளுக்கு எதிராக ஒரு குறும்புக்காரி தேவைப்பட்டாள். வர்கீஸ் குரியன் விதித்த நிபந்தனைகள் இரண்டு: வரைய எளிதாக இருக்கவேண்டும், நினைவில் நிற்கவேண்டும். விளம்பரத்தின் பெரும்பகுதி தெருவோரப் பலகைகளில் வரவிருந்தது. அக்காலத்தில் அவற்றைக் கையால் தீட்டவேண்டும். அடிக்கடி மாற்றவும் வேண்டும். வட்ட முகம், பெரிய கண்கள், நீல முடி, சிவப்புப் புள்ளி கவுன். பலகை தீட்டும் தொழிலாளி விரைவில் முடித்துவிடக்கூடிய உருவம். நாம் பாணி என்று போற்றும் எளிமையின் பின்னே போட்டியாளரின் விளம்பரமும் தூரிகை பிடித்தவரின் நேரமும் நிற்கின்றன.

முன் ஒப்புதல் பெறாமலே விளம்பரங்களை வெளியிடும் உரிமையையும் குரியன் அளித்தார். அவ்வுரிமை இல்லையேல் அன்றாடச் செய்தியைச் சூட்டோடு கிண்டல் செய்யும் பலகை பிறந்திருக்காது. ஒப்பந்தத்தின் தன்மையும் வடிவத்தின் ஒரு பகுதியே.

இவ்வகைக் கேள்விகள் நம் வடிவமைப்புக் கல்விக்கு அந்நியமல்ல. சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் அளித்த இந்திய அறிக்கை நம் வீட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு, எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பிலா தலையிலா சுமப்பது, என்ன விலை, தேய்ந்தபின் உலோகத்துக்கு என்ன மதிப்பு என்றெல்லாம் கேட்கிறது. அவ்வறிக்கையின் தொடர்ச்சியாகவே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. ஆனந்துக்கும் அதற்கும் அதிகத் தொலைவில்லை. செம்பைப் பற்றிக் கேட்கக் கற்றவர்கள் இலச்சினையைப் பற்றிக் கேட்க ஏன் தயங்குகிறோம் என்பது எனக்கு விளங்கியதில்லை.

உத்தியைக் கற்பது வணிகத்துக்குத் தலையாட்டுவது ஆகாதா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எதிர்மாறாகவே எனக்குத் தோன்றுகிறது. எது சேர்க்கப்பட்டது என்று அறிந்தவருக்கே எது விடப்பட்டது என்பதும் தெரியும். அச்சிறுமியின் ஆங்கிலச் சொல்விளையாட்டு நகரத்து வாசகருக்கானது. பால் கறக்கும் பெண் அப்பலகையில் இல்லை. அவளுடைய உலகத்தைத் திரையில் காண 1976 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஐந்து லட்சம் உழவர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் ஈந்து உருவாக்கிய ஷியாம் பெனகலின் 'மந்தன்' திரைப்படம் அது. ஒரே கூட்டுறவுக்கு இரண்டு முகங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது வடிவமைப்பு வரலாறு இன்னும் போதிய அளவு கேட்காத கேள்வி.

அந்த மாணவி சென்ற வாரம் எழுதியிருந்தார். நான்கில் மூன்றைக் கைவிட்டுவிட்டாராம். சங்கத்தின் விற்பனைக் கடையில் இரண்டு நாள் அமர்ந்திருந்து, யார் எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். இலச்சினையில் நெசவாளர் எங்கே வருவார் என்று இம்முறை அவர் என்னைக் கேட்டிருக்கிறார்.