கொக்கோ வழக்கும் கால் பென்னி இழப்பீடும்

தொழிற்சாலை வாசலுக்குள் நடப்பவற்றுக்கு முதலாளி பொறுப்பு என்பதை அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள். கடல் கடந்த தோட்டத்தில், அவர் வாங்கும் சரக்கை விளைவிப்பவன் படும் பாட்டுக்கும் அவர் பொறுப்பாவாரா? இன்று உலக வாணிகத்தில் பெரிதாகப் பேசப்படும் இக்கேள்வி, 1909ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் எழுந்தது. கேட்கப்பட்டவர்களோ, நல்ல முதலாளிகள் என்று பெயரெடுத்த கேட்பரி குடும்பத்தார்.

கேட்பரி குடும்பத்தினர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்கள். அடிமை வாணிகத்தை எதிர்ப்பதில் முன்னின்ற சபை அது. போர்ன்வில்லில் தொழிற்சாலையோடு, தோட்டம் வைத்த வீடுகளைக் கொண்ட குடியிருப்பையும் அவர்கள் அமைத்தார்கள். ஆனால், 1900 வாக்கில் அவர்கள் வாங்கிய கொக்கோவில் ஏறக்குறைய பாதி, மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே, பிரின்சிப்பே என்னும் போர்த்துக்கீசியத் தீவுகளிலிருந்து வந்தது.

1901இல் வில்லியம் கேட்பரி டிரினிடாட் சென்றிருந்தபோது, அத்தீவுகளில் அடிமைகளே வேலை செய்கிறார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அதே ஆண்டு, சாவோ தோமே தோட்டம் ஒன்றின் விற்பனைப் பட்டியல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதில் சொத்தோடு சொத்தாகக் கறுப்பினத் தொழிலாளர் 200 பேர் என்று எழுதி, 3,555 பவுன் மதிப்பும் போடப்பட்டிருந்தது. கூலிக்கு வந்த ஆளுக்கு ஏது விலை?

போர்த்துக்கல் நாட்டுச் சட்டப்படி அடிமைமுறை 1870களிலேயே முடிந்துவிட்டது. நடைமுறை வேறு. 1904, 1905ஆம் ஆண்டுகளில் அங்கோலாவில் பயணம் செய்த ஆங்கிலப் பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன், உள்நாட்டுப் பாதையோரத்தில் வீசியெறியப்பட்ட மரத்தளைகளைக் கண்டார். பிடித்து வரப்பட்டவர்கள் துறைமுகத்தில் ஓர் அதிகாரி முன் நிறுத்தப்பட்டார்கள். எண் பொறித்த தகர வில்லை ஒன்று, ஒப்பந்தத் தாளை வைக்கத் தகரக் குழாய் ஒன்று. அவ்வளவுதான், அடிமை ஐந்தாண்டு ஒப்பந்தத் தொழிலாளியாகிவிட்டான்! ஐந்தாண்டு முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே நீண்டது. மலாயாவுக்குத் தமிழரைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறையும் 1910இல்தான் நிறுத்தப்பட்டது. அச்சொல்லின் கனம் தோட்டக் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கோலா மக்களுக்கு ஊர் திரும்பும் கப்பலே இல்லை எனலாம்.

நிறுவனம் கைகட்டி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1903இல் வில்லியம் கேட்பரி லிஸ்பன் சென்று முறையிட்டார். புதிய தொழிலாளர் சட்டம் வருகிறது, பொறுத்திருங்கள் என்றனர். 1905இல் ஜோசப் பர்ட் என்பவர் விசாரிக்க அனுப்பப்பட்டார். அதற்குமுன் அவர் போர்த்துக்கீசிய மொழி கற்க வேண்டியிருந்தது! 1907இல் அவர் தந்த அறிக்கையும் அடிமைமுறையை உறுதி செய்தது. அப்போதும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு பொறுமை காக்கச் சொன்னது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துக்கீசிய மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் தேவைப்பட்டதே இதற்குக் காரணம் என்பர் வரலாற்று ஆய்வாளர். வாங்குவதை நிறுத்திவிட்டால் தோட்டக்காரர்கள் நம் சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், அந்த நியாயத்தின் நிழலில் எட்டு ஆண்டுகள் கொக்கோ வந்துகொண்டே இருந்தது.

1908 செப்டம்பரில் 'ஸ்டாண்டர்ட்' நாளிதழ் இதைப் போலித்தனம் என்று சாடியது. அதற்கு அரசியல் காரணமும் இருந்தது. ஜார்ஜ் கேட்பரிக்குச் சொந்தமான 'டெய்லி நியூஸ்', தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் நடத்தப்பட்ட முறையை அடிமைத்தனம் என்று கண்டித்து வந்த ஏடு. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 மார்ச்சில் அத்தீவுகளின் கொக்கோவை வாங்குவதையும் நிறுத்தியது. ஃபிரை, ரவுண்ட்ரீ நிறுவனங்களும் அவ்வாறே செய்தன.

அவ்வாண்டின் இறுதியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஏட்டின் சார்பில் வாதாடிய எட்வர்ட் கார்சன், வில்லியம் கேட்பரியைச் சுற்றிச் சுற்றி ஒன்றையே கேட்டார்: எப்போது தெரியும், எதுவரை வாங்கினீர்கள்? இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்க வழியில்லை. ஜூரிகள் கேட்பரி பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். இழப்பீடாக அவர்கள் வழங்கியது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.

நிறுவனம் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா பக்கம் திரும்பியது. அங்கே சிறு விவசாயிகள் தங்கள் நிலத்தில் கொக்கோ பயிரிட்டார்கள். ஆனால் அப்பிரதேசத்துக் கொக்கோவிலும் பின்னாளில் சிறுவர் உழைப்புப் புகார் எழுந்தது. 2001இல் சாக்லேட் நிறுவனங்கள், சான்றளிப்பு முறை ஒன்றை 2005க்குள் கொண்டுவர ஒப்புக்கொண்டன. அந்தக் கெடு தவறி, மீண்டும் தள்ளிப்போனது.

சிறுவயதில் ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குக் கடத்தப்பட்டதாகக் கூறிய மாலி நாட்டவர் ஆறு பேர், நெஸ்லே, கார்கில் நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில், 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிர்வாக முடிவுகள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டன என்பது மட்டும் அங்கே வழக்குத் தொடுக்கப் போதாது என்றது. தோட்டங்களில் அந்தச் சிறுவர்களுக்கு என்ன நடந்தது என்பது விசாரணைக்கே வரவில்லை.