வரட்டியைப் பற்றி யோசித்த ரசாயன நிபுணர்

விஞ்ஞானம் என்றாலே கண்ணாடிக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான் நம் நினைவுக்கு வரும். வயல் வரப்பில் நடந்து, விவசாயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு ரசாயன நிபுணரைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இங்கிலாந்தின் ராயல் வேளாண்மைக் கழகத்தில் ஆலோசனை ரசாயன நிபுணராக இருந்தவர்.

இந்திய விவசாயிக்கு விவரம் போதாது, சீமைக் கலப்பை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் நினைத்தார்கள். நமக்குப் பக்கத்திலே, சைதாப்பேட்டையில் 1865ஆம் ஆண்டு தொடங்கிய அரசுப் பண்ணையிலும் சீமைக் கருவிகளைப் பரீட்சை பார்த்தார்கள். அங்கே பிறகு ஏற்பட்ட வேளாண்மைப் பள்ளிதான் 1906ல் கோயம்புத்தூருக்கு மாறி, இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நாளில், 1889ஆம் ஆண்டுக் கடைசியில் வோல்க்கர் இங்கே அனுப்பப்பட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். நம் சென்னை மாகாணத்தையும் பார்த்தார். 1893ல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதில் என்ன சொன்னார் தெரியுமா? இந்திய விவசாயி இங்கிலாந்தின் சாதாரண விவசாயிக்குக் குறைந்தவர் அல்ல, சில விஷயங்களில் அவரைவிட மேல் என்றார். பயிர் எங்கே குறைகிறதோ, அங்கே வசதிதான் குறைகிறது, அறிவு குறையவில்லை என்றார்.

வரட்டி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாணத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல் சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும்தான். இது ரசாயனம். ஆனால் வோல்க்கர் இதோடு நிற்கவில்லை. எரிக்கிறார்களே என்று திட்டாமல், ஏன் எரிக்கிறார்கள் என்று கேட்டார். விறகு கிடைக்காததால்தான் எரிக்கிறார்கள் என்று கண்டார். ஆகவே கிராமத்துக்கு அருகிலேயே விறகுக்கும் தீவனத்துக்கும் மரம் வளர்க்கவேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொன்னார்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமழிசைப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் வரட்டி தட்டியிருப்பதைப் பார்த்து, "உரத்தை இப்படி வீணாக்கலாமா?" என்று கடிந்துகொண்டேன். அந்த அம்மா சொன்னார்: "நீ சொல்றது சரிதான் தம்பி. எல்லாத்தையும் குப்பைக் குழியில கொட்டிட்டா, ராத்திரி உலைக்கு எதை வைக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. தலை குனிந்து வந்தேன். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று நம் ஊர்களில் பெரும்பாலும் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் வயல் பலவும் வீடாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டன, மாடும் குறைந்துவிட்டது. ஆகவே இருக்கிற சாணத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் பல இடங்களில் அது திறந்தவெளியில் குவிந்து, வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து போகிறது. எரிக்காமலே சத்து போகிறது, பாருங்கள்!

ஆகவே குப்பைக் குழியை நிழலில் வெட்டுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே போகாதபடி சுற்றிலும் மேடு கட்டுங்கள். கொட்டகையில் மூத்திரம் ஊறிய மண்ணையும் கூளத்தையும் சேர்த்துப் போடுங்கள். காய்ந்தால் தண்ணீர் தெளித்து, மேலே மண் போட்டு மூடுங்கள். வரப்பில் கிளைரிசிடியா நட்டால் தழையுரமும் ஆச்சு, விறகும் ஆச்சு. மண் பரிசோதனை செய்து, குறைகிற சத்தை மட்டும் கடையில் வாங்குங்கள்.

உங்கள் ஊருக்கு வரும் வேளாண்மை அலுவலர் எதையாவது செய்யச் சொன்னால், அதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் எங்கள் வேலைதான்.