மேலெழு சாளரங்களின் வரலாறு

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தில் வைகாசிப் பொங்கலன்று மக்கள் வெள்ளமெனத் திரள்வர். கடலை விற்போரும் காப்பு விற்போரும் வீதியோரங்களில் இடம் பிடிப்பர். சந்நிதியை மறித்து நின்று சரக்கு விற்பார் எவருமிலர். சந்தைக்கும் சந்நிதிக்கும் இடையிலான இத்தகைய எல்லையை இணையம் இழந்த வரலாறு ஆராயத்தக்கது.

நெட்ஸ்கேப் உலாவிக்கென 1995ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்ற் என்னும் நிரல்மொழி தோன்றியது. அதன் கட்டளையொன்று, வாசகர் கேளாமலே புதிய சாளரத்தைத் திறக்கவல்லதாய் இருந்தது. 1990களின் பிற்பகுதியில், பொதுமக்கள் தாமே பக்கம் அமைக்க இடமளித்த அமெரிக்க நிறுவனமாகிய திரைப்பொட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. மோட்டார் நிறுவனமொன்றின் விளம்பரம் ஆபாசமான பக்கமொன்றிலே காணப்பட்டமையால் அந்நிறுவனம் சினந்தது. அங்குப் பணியாற்றிய ஈதன் சக்கர்மன், விளம்பரத்தைப் பக்கத்தினின்றும் பிரித்துத் தனிச் சாளரத்தில் இட நிரல் எழுதினார். ஆகவே, உலகோர் வெறுத்த இக்கருவி பேராசையினும் மானத்துக்கு அஞ்சியமையாலேயே பிறந்தது எனலாம். 2014ஆம் ஆண்டு அவர் இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

தொல்லை பெருகவே தடுப்பும் வந்தது. ஒப்பரா, மொசில்லா ஆகிய உலாவிகள் முந்தின. 2004ஆம் ஆண்டு மைக்குரோசொவ்ற் நிறுவனமும் தன் உலாவியில் தடுப்பை அமைத்தது. ஆனால் விளம்பரகாரர் ஓய்ந்தாரல்லர். தனிச் சாளரத்தை விடுத்து, பக்கத்தின் உள்ளேயே ஒரு திரையை விரித்து எழுத்தை மூடினர். பக்கத்தின் உறுப்பாகவே அஃது அமைந்தமையால், உலாவியால் அதனை எளிதில் இனங்காண முடியவில்லை. கள்வனைக் காவலனின் உடையில் கண்டாற்போன்ற நிலை இது.

மேலெழுவன யாவும் தீயன என்று கொள்ளுதல் பொருந்தாது. எழுதியதைச் சேமியாது மூட முற்படுவோனை எச்சரிக்கும் சாளரம் நன்மையே செய்யும். அவனது செயலுக்கு விடையாகவே அது தோன்றுகின்றது. முதல் வரியைப் படிக்குமுன்னரே மின்னஞ்சல் முகவரி கேட்பதோ எச்செயலுக்கும் விடையன்று. வன்னியிலே சிறு கைத்தொலைபேசியில் கடந்தகால வினாத்தாள் தேடும் மாணவனுக்கு இதன் சுமை இரட்டிப்பாகும். மூடுங்குறி விரலுக்கு அகப்படாது. தவறித் தொட்டால் வேறு தளம் திறக்கும். முற்பணம் செலுத்திப் பெற்ற டேற்றாவும் கரையும்.

2017 ஜனவரியில், கைத்தொலைபேசியில் உள்ளடக்கத்தை மறைக்கும் பக்கங்களைத் தேடல் வரிசையிற் பின்தள்ளக் கூகிள் தொடங்கியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ எதிர்பாரா விளைவொன்றைத் தந்தது. வாசகரைக் காக்கவெழுந்த அச்சட்டத்தின் பெயரால் இசைவு கேட்கும் சாளரங்கள் பன்மடங்காயின. ‘ஏற்கிறேன்’ என்பது பெரிதாய் ஒளிர, மறுக்கும் வழி பல தளங்களில் உள்ளே ஒளிந்தது. 2023 நவம்பரில் இந்திய அரசு இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளை விதந்து தடைசெய்தது. மறுப்போரை நாணச் செய்யும் சொற்களும், ஓயாது நச்சரித்தலும் அவற்றுள் அடங்கும். அதற்கு முந்திய மாதம் வெளியான உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டியின் 2.2ஆம் பதிப்பு, தொடுகுறிகள் பொதுவாக 24 படப்புள்ளி அகலமும் உயரமுமேனும் கொண்டிருத்தல் வேண்டுமென, சில விலக்குகளுடன், வரையறுத்துள்ளது.