மூன்றாம் பகுதிக்குக் காத்திருந்தோர்

ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டோல்கீன் 1937 டிசம்பரில் எழுதத் தொடங்கிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் கற்பனைப் பெருங்கதை, அவர் கருத்தில் ஒரே நூலாகும். போருக்குப் பின் காகித விலை ஏறியிருந்தமையால் பதிப்பகத்தார் அதனை மூன்றாகப் பிரித்து வெளியிட்டனர்.

இரண்டாம் பகுதி 1954 நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்தது. கதைத்தலைவன் ஃபுரோடோ பகைவர் கையில் சிக்கிய இடத்தில் அது முடிந்தது. பிற்சேர்க்கைகளை ஆசிரியர் எழுதி முடிக்கத் தாமதமாயிற்று. இறுதிப் பகுதி 1955 அக்டோபர் 20ஆம் நாளே வந்தது. ஏறத்தாழ 11 திங்கள் வாசகர் காத்திருந்தனர்.

காத்திருந்தோர் கண்ட முடிவு யாது? பகை அழிந்தது, அரசன் முடி சூடினான். ஆயினும் ஊர் திரும்பிய ஃபுரோடோவின் புண் ஆறவில்லை. தான் காத்த ஊரிலேயே அமைதியின்றி, ஈற்றில் கடல் கடந்து செல்கிறான்.

டோல்கீன் 1916இல் சோம் போர்க்களத்தில் பணியாற்றியவர். 1918க்குள் நெருங்கிய நண்பருள் ஒருவர் தவிர ஏனையோரை இழந்தவர். தம் கதை போரின் உருவகம் அன்று என அவரே பின்னர் எழுதினார். எனினும், வெற்றியின் விலையை அறிந்த கை எழுதிய முடிவு இது என்பதில் ஐயமில்லை.

கதையைப் படித்து முடித்த மாணவனிடம், வென்றவர் யார் என்று கேட்டபின், வீடு திரும்பியவன் அமைதி பெற்றானா என்றும் கேட்டுப் பார்த்தல் நலம்.