அறுபதாண்டு வளர்த்த கடற்சாமந்தி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள நார்த் பெரிக் என்னும் ஊரின் பாறைகளிடையே, 1828-ஆம் ஆண்டில், கடற்பிராணிகளை ஆராய்வதில் பேரீடுபாடு கொண்டிருந்த ஜான் கிரஹாம் டாலியெல் கண்டெடுத்து எடின்பரோவிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டு சென்ற கடற்சாமந்தி ஒன்று, அவர் காலமான பின்னும் நெடுங்காலம் ஜீவித்திருந்து, 1887-இல்தான் உயிர் நீத்தது. இந்த 59 ஆண்டுகளும் அது வாழ்ந்தது கண்ணாடி ஜாடி நீரில். 'பாட்டி' என்று பலரும் செல்லமாக அழைத்த அந்த ஜீவனின் சரித்திரமே, வீட்டில் கடற்சாமந்தி வளர்க்கும் கலையின் சரித்திரத்துக்குத் தக்க தோற்றுவாயாகும்.

அதற்குக் கிடைத்த ஆகாரம் மிக அற்பமானது. பிற்காலத்தில் அதைப் பராமரித்தவர்கள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பாதிச் சிப்பியின் சதையை மட்டுமே கொடுத்து வந்தனர். விரிந்த உணர்கொம்புகளின் மேல் சதைத் துணுக்கு விழுந்ததும், அவற்றிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத கொட்டும் உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொள்ள, கொம்புகள் உட்புறமாக வளைந்து நடுவிலுள்ள வாயிடம் அதைச் சேர்ப்பிக்கும். ஜீரணித்தது போக எஞ்சிய கழிவு, வேறு துவாரம் இல்லாமையால், அதே வாய் வழியாகவே வெளியேறும். அவ்வாறு வெளியேறுவதையும் உண்ணாமல் விட்ட துணுக்கையும் அகற்றாவிட்டால் சிறு ஜாடியின் நீர் விரைவில் கெட்டுவிடும். இதனை நன்கறிந்த டாலியெல், சுமையாளைக் கொண்டு கடலிலிருந்து ஜலம் வரவழைத்து, அதை இடைவிடாது மாற்றி வந்தார். முதல் இருபது ஆண்டுகளில் அப்பிராணி 334 குஞ்சுகளை ஈன்றது இந்தச் சிரத்தையின் பயனேயாகும்.

கடலுக்கு அண்மையில் இருந்த எடின்பரோவில் சாத்தியமானது லண்டனில் எளிதாயிருக்கவில்லை. 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள ஜீவன்களைக் கொண்டுவந்த அன்னா தின் என்னும் மாது, புதுக் கடல்நீர் போதாமையால், இருந்த நீரையே திறந்த சாளரத்தருகே பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றச் செய்து காற்றேற்றினார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான கடல்நீர்த் தொட்டிகள் அமைந்தன. அம்முயற்சியில் பங்கு கொண்ட பிலிப் ஹென்றி காஸ் மறு ஆண்டில் வெளியிட்ட நூல், நடுத்தர வகுப்பினரின் கூடங்களிலெல்லாம் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தது. அந்த மோகத்தின் விளைவாகப் பாறைக் குட்டைகள் பல சூறையாடப்பட்டு வெறுமையுற்றதையும், அதற்குத் தம் தந்தையின் நூல்கள் காரணமானதையும், அவருடைய மைந்தரே 1907-இல் துக்கத்துடன் எழுத நேர்ந்தது.

பாட்டியின் வாழ்வு அந்த மோகத்துக்கு முன்பே தொடங்கி, அது தணிந்த பின்னும் நிலைத்தது. 1851-இல் டாலியெல் மறைந்ததும் பேராசிரியர் ஜான் பிளெமிங்கிடமும், அவருக்குப் பின் டாக்டர் ஜேம்ஸ் மக்பெயினிடமும், பின்னர் எடின்பரோ அரச தாவரத் தோட்டத்துப் பொறுப்பாளர் ஜான் சாட்லரிடமும், இறுதியில் ராபர்ட் லிண்ட்சேயிடமும் அது ஒரு குடும்பச் சொத்தைப்போல் கைமாறிச் சென்றது. அதைத் தரிசிக்க வந்தோர் கையொப்பமிடத் தனியாக ஒரு புத்தகமே இருந்தது. அது மறைந்தபோது எடின்பரோ நகரின் 'ஸ்காட்ஸ்மன்' பத்திரிகை இரங்கற் குறிப்பு வெளியிட்டது.

இன்று நீரேற்றும் யந்திரமும், செயற்கைக் கடலுப்பும், பனிப்பெட்டியில் உறைந்த இறாலும் எவருக்கும் கிடைக்கின்றன. ஆயினும் நாள்தோறும் தீனி போடுவதையே அன்பென்று எண்ணி நீரைக் கெடுத்துப் பிராணியை இழப்போர் குறையவில்லை. கடற்சாமந்தி வளர்க்க விரும்புவோர், தீனியைக் குறைத்து, மிச்சத்தை அகற்றி, நீரின் தூய்மையைக் கண்ணுங்கருத்துமாகக் காக்கவேண்டும். ஒருவருக்குப் பின் ஒருவராக ஐவர் காத்த ஒழுங்கு இதுவே.