இசைத்தட்டுக்கு எந்த உள் கவர் பெஸ்ட்?

உடுமலைப்பேட்டை பக்கத்துல பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி பாட்டெழுதிய 'பராசக்தி' 1952-ல் வந்தது. அந்தக் காலப் பாட்டெல்லாம் 78 ஆர்.பி.எம் அரக்குத் தட்டுகள்தான். தாத்தா வீட்டுப் பரண்ல அப்படி ஒண்ணு கிடைச்சா, முதல்ல உள் கவரை மாத்துங்க. பழைய காகிதம் மட்கி உதிரும். அந்தத் தூசி தட்டைக் கீறும். விழுந்த கீறலைச் சரிபண்ண வழியே இல்லை.

அரக்குத் தட்டு (10 அங்குலம்): அமிலம் இல்லாத காகிதக் கவர். சானிடைசர், ஸ்பிரிட் வெச்சுத் துடைக்காதீங்க. ஆல்கஹால் அரக்கைக் கரைச்சிடும்.

வினைல் எல்.பி (12 அங்குலம்): வழவழப்பான ஹெச்.டி.பி.இ கவர்.

பி.வி.சி கவர்: வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் கசிஞ்சு, வினைல் மேல படலமா படியும்.

பனியன் பாலி பேக் போதாதா? திருப்பூர் பக்கம் ஈஸியா கிடைக்கும்தான். ஆனா, ஒட்டுற பசை தட்டுல பட்டா போச்சு! எந்த பிளாஸ்டிக்னும் பார்த்துச் சொல்ல முடியாது.

தட்டுகளைப் படுக்க வைக்காம நிமிர்த்தி அடுக்குங்க. உள் கவரோட வாய் மேலே, அட்டையோட வாய் பக்கவாட்டுல இருக்கட்டும். பஞ்சுத் தூசி அவ்வளவு சுலபமா உள்ளே போகாது.