நாலு நட்டுகளின் வரலாறு

பழைய புல்லட் ஒன்றின் முன்சக்கரத்தைக் கழற்ற நான்கு நட்டுகளை அவிழ்த்தால் போதும். பிரேக் கேபிளை விடுவித்து, எஞ்சினுக்கு அடியில் கட்டை வைத்து முட்டுக்கொடுத்து, ஃபோர்க்கின் இரு கால்களிலும் அச்சைக் கவ்விப் பிடித்திருக்கும் மூடிகளை எடுத்துவிட்டால் சக்கரம் கீழே இறங்கிவிடும். கால்மணி நேர வேலை. இந்தக் கால்மணி நேரத்துக்குள் ஒரு காலனிய வரலாறு இருக்கிறது என்றால் தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். கட்டுடைப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம்மில் எத்தனை பேர் ஒரு நட்டையாவது கையால் அவிழ்த்திருக்கிறோம்?

நான் அவிழ்க்கப் போய்த் தோற்றவன். நண்பரின் வண்டி, அறுபதுகளில் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்தது. என்னிடமிருந்த ஸ்பேனர் எதுவும் நட்டில் உட்காரவில்லை. ஒன்று சுற்றியது, இன்னொன்று நுழையவே இல்லை. புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மில்லிமீட்டர் சேராது சார். இது வெள்ளைக்காரன் நட்டு."

அவர் சொன்னது சரியான வரலாறு. ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியது 1955இல். மறு ஆண்டே நாடாளுமன்றம் மெட்ரிக் அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் 1957இல் ரெடிட்ச்சின் உற்பத்திக் கருவிகள் இங்கே வந்தபோது, அவற்றோடு பிரிட்டிஷ் அளவும் வந்துவிட்டது. கொடி இறங்கிய பின்னும் இஞ்ச் இறங்கவில்லை.

அந்த ஸ்பேனரின் மேல் பொறித்திருக்கும் எண்ணே ஒரு புதிர்தான். நட்டின் பக்கத்தை அளந்து பார்த்தால் அந்த எண் வராது. அது போல்ட்டின் தண்டுக்குரிய எண். உள்ளே மறைந்திருப்பதன் அளவு. இந்த முறை ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளரிடமிருந்து வந்தது. அவர் காலம்வரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறு வேறு. ஒருவர் செய்த நட்டு இன்னொருவரின் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்தும் போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு, 1841இல் பொது அளவாக முன்வைத்தார். கவனிக்க வேண்டியது இதுதான்: புதிதாக எதையும் கண்டுபிடித்ததைவிட, பெயர் தெரியாத எத்தனையோ தொழிலாளிகளின் கைப்பழக்கத்தை அவர் சராசரி ஆக்கினார். சராசரிக்கு விட்வொர்த் என்று பெயர் வந்தது. கைகளுக்குப் பெயர் இல்லை. சிந்திப்பதும் செய்வதும் பிரிக்கப்பட்டதைப் பற்றி 1974இல் ஹாரி பிரேவர்மன் விரிவாக எழுதினார். அந்தப் பிரிவினையின் ஒரு சிறு வடிவம் இந்த மரையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் விட்வொர்த் துப்பாக்கியும் செய்தார். ரெடிட்ச்காரர்களும் ஊசியில் தொடங்கி, சைக்கிளுக்கு வந்து, அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்து, அந்த ஆலை இருந்த ஊரான என்ஃபீல்டின் பெயரையே தமதாக்கிக்கொண்டவர்கள். வண்டிக்குப் 'புல்லட்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஆனாலும் அந்தக் காலத்து வண்டி ஓட்டுபவனை நம்பியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் முன் மட்கார்டைத் தாங்கும் கீழ்க்கம்பியைக் கழற்றி இறக்கினால் அதுவே ஸ்டாண்டாகிவிடும். வழியில் பஞ்சரானால் நீயே சக்கரத்தைக் கழற்றுவாய் என்பது வடிவத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதனால் உயிர்கள் பிழைக்கின்றன, எனக்கு மறுப்பில்லை. ஆனால் சென்சாரும் ஒயரும் சுற்றிய அந்தச் சக்கரத்தைத் தொட ஓட்டுபவனுக்குத் தயக்கம், தெருமுனைப் பட்டறைக்காரருக்கும் தயக்கம்.

என் கைக்குக் கிடைத்த கையேடு ஆங்கிலத்தில். அண்ணன் அதைப் புரட்டியதுகூட இல்லை. "பிரேக் பிளேட்டு ஃபோர்க்குல சரியா உக்காந்திருக்கணும் சார். உக்காரலைன்னா பிரேக் புடிக்கறப்ப பிளேட்டே சுத்திரும், ஆள் காலி." கையேட்டிலும் இந்த எச்சரிக்கை உண்டு, 'ஆள் காலி' மட்டும் கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு மரை என்ற சொல் 'மரை கழன்ற கேஸ்' என்ற வசவில்தான் பழக்கம். அதன் நேர்ப்பொருளைப் பட்டறையில்தான் கேட்டேன். இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். இந்த வித்தையை எப்படிக் கற்றீர்கள் என்றதற்கு, "ஸ்பேனராலயே அடி வாங்கித்தான்" என்றார். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு வந்தவர். சராசரியில் சேராமல் போன கைகளில் அதுவும் ஒன்று.

சக்கரத்தை மறுபடி ஏற்றும்போது நாலு நட்டுகளையும் லேசாகப் பிடிக்கவிட்டு, முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, ஹேண்டில்பாரை அமுக்கி ஃபோர்க்கை இரண்டு மூன்று தடவை குலுக்கினார். பிறகு இடம் வலமாக மாற்றி மாற்றி முறுக்கினார். நாலாவதை என்னிடம் விட்டார். பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். கையைத் தட்டிவிட்டார்.

"போதும் சார், மரை போயிரும்."